பாலத்தில் தூங்கிவிட்டோம்

“ஏத்தா, மூணு வருஷம் ராஜா கதை படிச்சேங்குற. படிச்ச ஊர்ல ஒண்ணையாவது கண்ணால பாத்திருக்கியா?”

வண்டிகளுக்கு ஒயர் கட்டும் எங்கள் லைனில், பக்கத்து மேசையில் நிற்கும் தேனிக்கார அக்கா கேட்டது இது. கேலிதான். எனக்குத்தான் தைத்துவிட்டது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். பி.ஏ. வரலாறு, முதல் வகுப்பு. கம்பெனியில் ஸ்ரீரங்கப்பட்டணம் டூர் என்று அறிவித்ததும், “கைடெல்லாம் வேணாங்க்கா, நானே சொல்றேன்” என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன்.

எங்களுக்கு டூர் என்றால் இரவு ஷிப்ட் முடிந்த கையோடு கிளம்புவதுதான். அப்போதுதான் ஒரு நாள் வேலை கெடாதாம். காலை ஆறரைக்கு யூனிபார்மை மாற்றிக்கொண்டு ஓசூரில் பஸ் ஏறினோம். பேச வேண்டியதை மனதுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்க்க நினைத்தேன். பெங்களூர் வருவதற்குள் கண் சொருகிவிட்டது.

கோட்டைச் சுவரருகே பஸ் நின்றபோதுதான் விழித்தேன். கால் மரத்திருந்தது. இறங்கி நின்று, எத்தனை போர், என்னென்ன உடன்படிக்கை, யார் யாரோடு சேர்ந்தார்கள் என்று பரீட்சையில் எழுதியபடியே ஒப்பித்தேன். பாதிப் பேர் கொட்டாவி விட்டார்கள். பக்கத்தில் குடையோடு நின்றிருந்த ஒரு கைடு, கூப்பிடாமலே வந்து கேட்டார்.

“மேடம், எல்லாம் கரெக்டா சொன்னீங்க. இது தீவுன்னு மட்டும் சொல்லலியே?”

“தீவா? அது கடல்ல இல்லீங்களா இருக்கும்?”

“வரும்போது ஆத்துப் பாலம் தாண்டுனீங்களே, பாக்கல?”

முப்பது பேரில் ஒருத்திகூடப் பார்க்கவில்லை.

“தீவுக்கு வந்ததே தெரியாமத் தூங்கிருக்கோம்டி!” அக்கா வாய்விட்டுச் சிரித்தார். “நீ செத்த உக்காருத்தா. அவரே சொல்லட்டும்.”

உட்கார்ந்தேன். உண்மையில் நிற்கத் தெம்பும் இல்லை.

கைடின் தொண்டை கட்டியிருந்தது. காவிரி மேலே இரண்டாகப் பிரிந்து, ஊரைச் சுற்றிக்கொண்டு கீழே மறுபடி ஒன்றாவதைக் குடைக்கம்பியால் மண்ணில் கீறிக் காட்டினார். “கடேசிச் சண்டை கோடைல. ஆத்துல தண்ணி கம்மி. வெள்ளைக்காரன் படை இறங்கி நடந்தே வந்துட்டாங்க. மழை முன்னாடியே வந்திருந்தா கதையே வேற.” பிறகு என்னிடம், “நீங்க எந்த ஊரு மேடம்?” என்றார்.

“ராயக்கோட்டைப் பக்கம்ங்க.”

“அய்யோ, அந்தப் படை உங்க ராயக்கோட்டை வழியாத்தான மேடம் வந்துச்சு! அங்க மலை மேல கோட்டை இருக்குதல்ல, ஏறியிருக்கீங்களா?”

அந்த மலையடியில்தான் தினமும் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கிறேன். கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, மலைக்கு முதுகைக் காட்டியபடி, பஸ் வரும் திசையையே பார்த்து நிற்பேன். ஒருநாளும் ஏறியதில்லை. இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினேன். அக்கா என் முகத்தைப் பார்த்தார். கேலி செய்யவில்லை. அதுதான் இன்னும் சுட்டது.

திரும்பும்போது தூங்கிவிடக் கூடாதென்று கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்தேன். பொழுது சாயும் நேரம். பாலத்துக்குக் கீழே பாறைகளுக்கு நடுவில் கொஞ்சம் தண்ணீர் ஓடியது.

“அக்கா, பாலம்.”

ஒரு கண்ணைத் திறந்தார். “பாத்துட்டேன். தூங்க விடுத்தா.”

போன வார லீவில், துணியை ஊறப்போட்டது போட்டபடி கிடக்க, ராயக்கோட்டை மலையில் ஏறினேன். ஆறு நாள் நின்று வேலை செய்த கால் பாதி வழியிலேயே கெஞ்சியது. இரண்டு இடத்தில் உட்கார்ந்துதான் போனேன். மேலே இடிந்த சுவரும் காற்றும்தான் இருந்தன. கீழே நான் பஸ்ஸுக்கு நிற்கும் இடம் தெரிந்தது. அந்தப் படை எந்த வழியாக வந்திருக்கும் என்று கிழக்கே பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன்.