அவர் பேரில் பார்த்தது

செய்த பாவம் சும்மா விடாது என்பார்கள். நான் செய்தது பாவமா என்று எனக்கு இன்னும் தெரியாது.

என் கணவர் துறைமுகத்தில் வேலை செய்து பென்சன் எடுத்தவர். தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்கிற மனிதர். மகள் லண்டனில் தன் விருப்பத்துக்குக் கலியாணம் முடித்த பிறகு, நாலு வருஷம் அவள் பேரை வீட்டில் எடுக்க விடவில்லை. அவளோடு கதைக்க என்னிடம் ஒரு பழைய பட்டன் போன் இருந்தது. படம் பார்க்கிற போன் அவருடையது மட்டும்.

மத்தியானம் அவர் சாய்மனைக் கதிரையில் குறட்டை விடத் தொடங்க, நான் அந்தப் போனைக் குசினி அடுப்படிக்குக் கொண்டுபோய்விடுவேன். மகள் தினமும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் பேரனின் படம் போடுவாள். பூனை கண்ணை மூடிக்கொண்டு பால் குடிக்கிற கதைதான். பார்த்தவரின் பேர் அவளுக்குக் காட்டும் என்பது எனக்குத் தெரியாது.

ஒரு நாள் அவள் போன் எடுத்தாள். "அம்மா, அப்பா என்ர ஸ்டேட்டஸ் எல்லாம் பார்க்கிறார். கோவம் ஆறிட்டுது. அவரா ஒரு நாள் எடுப்பார், பாருங்கோ."

அந்தச் சந்தோஷத்தைக் கெடுக்க மனம் வரவில்லை. "ஓம் பிள்ளை" என்றேன். அதுவரை 'நானே வந்து அப்பான்ர காலில விழுறன்' என்று சொல்லிக்கொண்டிருந்தவள், பிறகு அந்தக் கதையை விட்டுவிட்டாள். நான் ஒரு நாள்கூடத் தவறாமல் பார்த்தேன், பெரிய கெட்டிக்காரி என்ற நினைப்பு வேறு.

அவர் எடுக்கவில்லை. மாசியில் ஒரு மத்தியானம் கதிரையிலேயே போய்விட்டார். செத்தவீட்டுக்கு வர அவளுக்கு ஏலவில்லை.

எட்டாம் நாள் பாரை மீன் பொரியலும் சுருட்டும் படைத்து, ஆட்களும் போனபிறகு, கை தன்பாட்டில் அவருடைய போனை எடுத்தது. அன்றைக்கு அவள் போட்டிருந்தது அவருடைய படம். ஒரு நிமிஷத்தில் பட்டன் போன் அடித்தது.

"அம்மா, அப்பா பார்த்திருக்கிறார் எண்டு காட்டுது."

"நான்தான் பிள்ளை பார்த்தனான்."

"அப்ப முந்தியும் நீங்களோ?"

"இல்லை, அவர்தான். நீ போட்ட ஒண்டையும் அவர் விடேல்லை."

அவள் ஓவென்று அழுதாள். "அப்ப ஏனம்மா என்னோட ஒரு சொல்லும் கதைக்காமப் போனவர்?"

இன்றைக்கும் எடுக்கிறபோதெல்லாம் அதைத்தான் கேட்கிறாள். நான் என்ன சொல்லப்போகிறேன் என்று அவர் என் முதுகுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.