முத்தழகு மதினியின் ஜன்னலுக்கு எத்தனை துணி

பதினெட்டு வருடமாகக் காரைக்குடியில் ஸ்கிரீன் தைக்கிறேன். முத்தழகு மதினியைப் போல என் உயிரை வாங்கியவர் இன்னொருவர் இல்லை. ஒரே ஒரு ஜன்னல், அதற்கு மூன்று வாரம்!

வீடு கொத்தமங்கலத்தில், பஸ் போகும் ரோட்டை ஒட்டி. மதினியின் கணவர் சேவுகப்பெருமாள் அண்ணன் அந்த ரோட்டில் இருபத்தாறு வருடம் பஸ் ஓட்டியவர். போன ஆடியில் வாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. ஜன்னலோரக் கட்டிலில் படுத்துப் போகிற வருகிற பஸ்ஸைப் பார்ப்பது ஒன்றுதான் அவருக்கு மிச்சமிருக்கும் பொழுது. அந்த ஜன்னலைத்தான் மதினி மூடப் பார்த்தார்.

எங்கள் பக்கத்து ஆட்கள் ஜன்னலைச் சும்மா கடந்து போகமாட்டார்கள். கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று, இன்றைக்கு எப்படி இருக்கிறார், சாப்பிட்டாரா, வெளிக்குப் போனாரா என்று எல்லாம் கேட்டுவிட்டுத்தான் நகர்வார்கள். ஒருநாள் சோறு ஊட்டும்போது மதினி கண் கலங்கியதை ஒருத்தி பார்த்துவிட்டாள். சாயங்காலத்துக்குள் அண்ணன் தேறமாட்டார் என்று ஊரெல்லாம் பேச்சு. ஆறு பேர் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்து நின்றார்கள். மறுநாளே மதினி என் கடைக்கு வந்துவிட்டார்.

முதலில் இரண்டு துணி என்றார். தைத்து முடித்ததும் போன் வந்தது: நடுவில் சந்து விழும், அகலமாக ஒரே துணி போடு. அதையும் வெட்டினேன். மறுபடி போன்: ஒரே துணி என்றால் அவர் இடது கையாலேயே இழுத்துத் திறந்துவிடுவார், வேண்டாம். கடைசியில் நாலு. இங்கே பழைய ஜன்னல்களுக்கு மேலே ஒரு ஜோடி, கீழே ஒரு ஜோடி கதவு. கீழே சாத்தி மேலே திறந்து வைப்பது வழக்கம். துணியையும் அப்படியே போட்டால் வெளிச்சமும் வரும், மறைவாகவும் இருக்கும் என்றார். நானும் தலையாட்டித் தொலைத்தேன். படுத்திருப்பவருக்கு மேல்பாதியில் வானம் மட்டும்தான் தெரியும் என்பது எங்கள் இரண்டு மரமண்டைக்கும் உறைக்கவில்லை.

மாட்டி முடித்த பிறகும் மதினிக்கு நிலைகொள்ளவில்லை. ரோட்டில் இறங்கிப் பார்த்தார், உள்ளே வந்து துணியை இழுத்துவிட்டார், மறுபடி ரோட்டுக்குப் போனார். பதினொரு மணி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அண்ணன் கஷ்டப்பட்டுத் தலையைத் தூக்கினார். துணிதான் தெரிந்தது. தலை திரும்பத் தலையணையில் விழுந்தது. எனக்கு என் மேலேயே ஆத்திரமாக வந்தது.

அண்ணனுக்கு வாய் கோணினாலும் பேச்சு விளங்கும். "ரோட்ட மறைக்கிறியா, என்னய மறைக்கிறியா?" என்று மதினியைக் கேட்டார்.

"உங்கள இல்ல. என்னய." மதினி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "எந்நேரமும் யாராவது பாக்குறாக. ஒரு நிமிசம் அழக்கூட எனக்கு எடமில்ல."

மூன்று வாரமாக என்னிடம் வெளிச்சம், சந்து, மறைவு என்று எதையெதையோ சொன்னவர், இதை மட்டும் சொல்லவேயில்லை. நான் கையில் அளவு டேப்போடு நின்றேன்.

அண்ணன் இடது கையைத் தூக்கி, ஜன்னலில் மதினி உட்கார்ந்து சோறு ஊட்டும் தலைமாட்டுப் பக்கத்தை எனக்குக் காட்டினார்.

"ஒன்னு போதும், பாண்டீஸ்வரி. அவ உக்கார்ற பக்கத்துக்கு மட்டும் நீளமாப் போடு. மிச்சத்தத் தெறந்து விடு. அவ அழுகுறது எனக்கு மட்டும் தெரிஞ்சாப் போதும்."