சர்க்கரை கேட்டு வாசலில் அமர்ந்தவர்

காலையில் குன்றத்தூர்ப் பேருந்து மண்ணூரில் நின்றதும் நடத்துநர் எட்டிப் பார்த்துச் சொன்னார்: "பெரியவரே, உங்க நர்ஸம்மா பூட்டாங்க." மாலைக்குள் இரங்கல் நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். சரோஜா அம்மையாரைக் 'கருணைத் தெய்வம்' என்று அச்சடித்திருக்கிறார்கள். இதை நான் ஏற்க மாட்டேன்.

அறுபதுகளில் எங்கள் பக்கத்துக் கிராமங்களுக்கு நர்ஸாக வந்தார். குழைந்து பேசத் தெரியாதவர். ஊசிக்குப் பயந்து நழுவிய ஊர்ப் பெரியமனிதரையே, "மீசை மட்டும் இருந்தா போதுமா? நில்லுங்க" என்று நிறுத்தியவர்.

எழுபதுகளில் என் மகள் வள்ளிக்கு வாந்திபேதி கண்டது. கைக்குழந்தை. கண்கள் குழிந்து, அழக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தாள். "தண்ணி குட்த்தா இன்னும் பிச்சிக்கினு போவும்" என்று என் பெரியப்பா சொம்பையே ஒளித்துவிட்டார். அம்மையார் வந்தார். கொதித்து ஆறிய நீரில் உப்பும் சர்க்கரையும் கலந்து கொடுக்கச் சொல்லிவிட்டு, அடுத்த தெரு நோயாளியைப் பார்க்கப் போனார். மதியம் திரும்பியவர் சொம்பு நீரில் ஒரு சொட்டை நாக்கில் வைத்தார்.

"சக்கரை எங்கே?"

"பேதிக்கு இனிப்பு ஆவாதும்மா. உப்பு மட்டும் போட்டுக்கீது," என்றார் பெரியப்பா. "புள்ள சாவக் கெடக்குது, நீ இன்னா பாயசமா காச்சப் போறே?"

"பாயசம் உங்களுக்கு அப்புறம் காச்சறேன். சக்கரை வர்ற வரைக்கும் நான் எழுந்திருக்க மாட்டேன்."

வாசலை மறித்து உட்கார்ந்துவிட்டார். நான் கடைக்கு ஓடினேன். பிறகு கரண்டி கரண்டியாகப் புகட்டினார். வாந்தி எடுத்தாலும் சற்றுப் பொறுத்து மறுபடி புகட்டினார். "கண்ணீர் கரிக்கிற அளவுக்கு மேல உப்பு கூடாது" என்றார். பொழுது சாயும் நேரத்தில் வள்ளி அவர் புடவையை நனைத்தாள். "மூத்திரம் போயிட்டா! இனி பயமில்ல" என்று சிரித்தார்.

சர்க்கரை எதற்கு என்று விடாமல் கேட்டேன். நான் ஐந்தாவதோடு நின்றவன். அவர் சொன்னதைப் பின்னர் புத்தகங்களைத் தேடிச் சரிபார்த்தேன். உடம்பின் ஒவ்வொரு செல்லையும் இரண்டு அடுக்குக் கொழுப்பாலான மெல்லிய சவ்வு மூடியிருக்கிறது. கொழுப்பு என்பதால் உப்பும் சர்க்கரையும் தாமாக நுழைய முடியாது. சவ்வில் பதிந்த புரதங்கள்தான் வாசல்கள். குடல் செல்லில் ஒரு வாசல், உப்பும் சர்க்கரையும் சேர்ந்து வந்தால்தான் வழிவிடும். அவை உள்ளே போனால் தண்ணீரும் பின்னால் போகும். பேதியிலும் அந்த வாசல் கெடுவதில்லை. அன்று எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாத வாசல் அது.

கருணைக்கு அன்று எங்கள் வீட்டில் பஞ்சமே இல்லை. கருணையுள்ள அத்தனை பேரும் அழுதுகொண்டே தண்ணீரை மறைத்தார்கள். அம்மையாருக்கு விஷயம் தெரியும். தெரிந்ததை விட்டுக்கொடுக்க மாட்டார். அதனால் என் மகள் இருக்கிறாள்.

அம்மையார் வீட்டு வாசலில் ஒட்டியிருந்த நோட்டீஸில் 'கருணை' என்ற வார்த்தையைக் கரியால் அடித்தேன். "சாவு வூட்ல இன்னா சண்ட பெரியவரே?" என்றார்கள்.

"சண்ட போட்டுத்தாம்பா அந்தம்மா எம் பொண்ண குட்த்தாங்க."

சுடுகாட்டிலிருந்து திரும்பியபோது வள்ளி வீட்டில் இல்லை. பக்கத்து வீட்டுக் குழந்தைக்குப் பேதி. சொம்பும் கரண்டியுமாக அங்கே வாசலை மறித்து உட்கார்ந்திருந்தாள். ஒரு சொட்டை நாக்கில் வைத்துப் பார்த்தேன்.

சர்க்கரை இருக்கிறது அம்மையாரே. இனி நீங்கள் எழுந்திருக்கலாம்.