தண்ணீர் ஊற்றாதவர் யார்

யுத்த காலம் அது. மதுரையில் நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டுக் கொல்லையில், ஐப்பசி மாதம் ஆறு சீமைத்தக்காளிக் கன்றுகளை நட்டேன். இடுப்பளவு வளர்ந்தும் ஒரு பூவைக் காணோம். தாகமாக்கும் என்று காலையில் நான் குடம் குடமாக ஊற்றினேன். நான் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தப் போன பிறகு, வாடிப்பட்டிக்காரியான என் மனைவி தன் பங்குக்கு ஊற்றினாள்.

மார்கழியில் ஒருநாள், அவள் பிறந்த வீட்டுப் பித்தளைக் குடத்தைக் கிணற்றுச் சுவரில் இடித்து நெளித்துவிட்டேன்.

"இனிமே உங்க செடிக்கு ஒரு சொட்டு ஊத்த மாட்டேன்" என்றாள்.

"நானும் ஊத்தலை. காஞ்சு போகட்டும்" என்றேன், கோபத்தில்.

பத்து நாள் வீட்டில் பேச்சில்லை, செடிக்குத் தண்ணீருமில்லை. பதினோராம் நாள் மனம் கேட்காமல் எட்டிப் பார்த்தேன். இலைகள் துவண்டிருந்தன, ஆனால் ஆறு செடியிலும் கொத்துக் கொத்தாக மஞ்சள் பூ! கூப்பிட்டுக் காட்டினேன். பேச்சும் வந்துவிட்டது.

பூ உதிர்ந்து, பச்சைக் காய் பருத்து, தை கடைசியில் சிவந்தது. முதல் ரசத்தை ஊற்றிக்கொண்டே சொன்னாள்:

"நான் தண்ணி ஊத்தாம விட்டதாலதான் இம்புட்டுக் காய்ச்சிருக்கு."

எனக்குப் பொறுக்கவில்லை.

"ஏன், நான் மட்டும் ஊத்தினேனாக்கும்?"

அத்தோடு பேச்சு மறுபடியும் நின்றது. செடிகள் மறுபடியும் பூத்தன.