காது மெசினா, பேஸ் கிடாரா

காளிகாட்டில் ஒருவர் பழைய பேஸ் கிடார் விற்கிறார் என்று அலுவலகத் தோழர் எனக்கு ஒரு படம் அனுப்பினார். அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்ததில் அன்றைக்கு என் மேசையில் ஒரு கோப்பும் நகரவில்லை. எழுபதுகளில் ஜப்பானில் செய்தது. நடுவில் தேன் நிறம், ஓரம் போகப் போகக் கருப்பு. வலது முழங்கை படிகிற இடத்தில் மட்டும் வார்னிஷ் தேய்ந்து மரம் வெளியே தெரிந்தது. புதுக் கிடாரை எந்தக் கடையிலும் வாங்கிக்கொள்ளலாம். அப்படித் தேய்ந்த ஒன்றுக்கு யாரோ ஒருவர் வருஷக்கணக்கில் அதன்மேல் கை வைத்து வாசித்திருக்க வேண்டும்.

எனக்குச் சொந்தமாக பேஸ் கிடார் இருந்ததே இல்லை. அப்பா துறைமுக வேலையில் தூத்துக்குடியிலிருந்து மாற்றலாகி இந்த வங்காள நகரத்துக்கு வந்தவர். நான் இங்கேயே பிறந்து, இங்கேயே படித்து, இப்போது மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் வேலை பார்த்துக்கொண்டு சால்ட் லேக் குடியிருப்பில் இருக்கிறேன். கல்லூரி நாட்களில் ஒரு வாத்தியக் குழுவில் பேஸ் வாசித்தேன். வாத்தியம் இன்னொருவனுடையது. மேடை முடிந்ததும் துடைத்துப் பெட்டியில் வைத்து அவனிடம் கொடுத்துவிட வேண்டும். பாட்டுக்கு அடியில் கீழ் ஒலிகளை மட்டும் போடுகிற பேஸ் வாசிப்பவனை யாரும் கவனிப்பதில்லை. சாம்பாரில் உப்பு மாதிரி. இருந்தால் ஒருவரும் சொல்லமாட்டார்கள், இல்லையென்றால் முகத்தைச் சுளிப்பார்கள். எனக்கு அந்த இடம் பிடித்திருந்தது. குழுவில் எல்லோரும் என்னிடம்தான் சுருதி சரியா என்று கேட்பார்கள் என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

இத்தனை வருஷம் கழித்து இப்போது ஏன் அந்த ஆசை வந்தது என்றால், காதுதான் காரணம். போன மழைக்காலத்தில் டாக்டரிடம் போனேன். கண்ணாடி அறையில் உட்காரவைத்து, காதில் ஒன்றை மாட்டி, சத்தம் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். கேட்டதற்கெல்லாம் தவறாமல் அழுத்தினேன். நன்றாகச் செய்துவிட்டோம் என்ற நினைப்போடு வெளியே வந்தால் டாக்டர் முகம் சரியில்லை. மேல் ஒலிகள் வலது காதில் அநேகமாகப் போய்விட்டன, இடது காதும் அதே வழியில்தான் போகிறது என்றார். இரண்டுக்கும் மெசின் வைத்துக்கொள்ளுங்கள், தள்ளிப்போடாதீர்கள் என்றார். கீழ் ஒலிகள் எப்படி என்று கேட்டேன். அவை இப்போதைக்கு இருக்கின்றன என்றார். அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். குயில் போனால் போகட்டும், குக்கர் விசில் போனால் போகட்டும், பேஸ் இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டேன்.

என் மனைவி திருநெல்வேலிக்காரி. பழமொழி இல்லாமல் அவளுக்குச் சண்டை போடத் தெரியாது. நான் எதையாவது கவனிக்காமல் இருந்தால், "செவிடன் காதுல ஊதுன சங்குதான்" என்பாள். கல்யாணமான நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். டாக்டரைப் பார்த்துவிட்டு வந்த பிறகு அவள் அதைச் சொல்வதே இல்லை. சொல்லிக்கொண்டிருந்தபோது எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. நிறுத்தியதுதான் உறைத்தது.

கிடார் படத்தை அவளிடம் காட்டினேன். பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினாள்.

"ரெண்டும் சேத்து வாங்க நமக்கு முடியாது. காதுக்கு மெசின் வாங்குதீங்களா, கிடார் வாங்குதீங்களா? ஒண்ணச் சொல்லுங்க."

"கிடார் போனா போயிரும். மெசின் எப்ப வேணா கிடைக்கும். அடுத்த வருசம் வாங்கிக்கலாம்."

"அடுத்த வருசம் நான் பேசுதது உங்களுக்குக் கேக்குமா?"

கேட்காத மாதிரி இருந்துவிட்டேன். காது மந்தமானவனுக்கு இருக்கிற ஒரே வசதி அதுதான். அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். அவள் சொன்னதில் தப்பில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் மெசினை மாட்டிக்கொண்டால் நான் காது கேளாதவன் என்று ஆகிவிடும். கிடாரை மாட்டிக்கொண்டால் பேஸ் வாசிப்பவன். மனசு அப்படித்தான் கணக்குப் போட்டது.

இடையில் புகுந்தவள் எங்கள் மகள். கல்லூரியில் படிக்கிறாள். தமிழைவிட பெங்காலி நன்றாகப் பேசுவாள். சின்ன வயதிலிருந்து பாட்டு கற்றவள். "சும்மா ஒரு தடவ போய் வாசிச்சுப் பாக்கட்டுமேம்மா, நானும் கூடப் போறேன்," என்றாள். விற்பவருக்குப் போன் செய்து, ஒரு விடுமுறை நாளாகப் பார்த்து வருவதாகச் சொன்னாள். அவரும் வாருங்கள் என்றார்.

அந்த விடுமுறை நாள் வசந்த பஞ்சமி. இந்த ஊரில் அன்றைக்குத்தான் சரஸ்வதி பூஜை. என் மகள் மஞ்சள் புடவை கட்டிக்கொண்டு காலையிலேயே கல்லூரிப் பூஜைக்குப் போய்விட்டு வந்து, அதே புடவையோடு என் பக்கத்தில் மெட்ரோவில் நிற்கிறாள். வழியெல்லாம் மஞ்சள் புடவைகள். அப்படியும் எனக்கு உறைக்கவில்லை. எங்கள் வீட்டில் சரஸ்வதி பூஜை என்றால் நவராத்திரியில்தான். புத்தகத்தையும் பேனாவையும் அப்போது அடுக்கி வைப்போம். வசந்த பஞ்சமி எனக்கு வெறும் லீவு நாள். பிறந்ததிலிருந்து இந்த ஊரில் இருக்கிறவன் செய்கிற தப்பா அது என்று என்னையே கேட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று.

காளிகாட்டில் கோயிலுக்குப் பின்னால் ஒரு சந்தில் பழைய மாடி வீடு. விற்பவர் என் வயதுக்காரர், வங்கி அதிகாரி. கிடார் அவருடைய அப்பாவுடையது. அப்பா ஹோட்டல்களிலும் கிளப்புகளிலும் வாசித்தவர், இறந்து சில வருஷம் ஆகிறது. இப்போது குடும்பம் நியூ டவுனில் அடுக்குமாடிக்குப் போகப்போகிறது, அங்கே இடமில்லை என்று விற்கிறார். உள்ளே கூடத்தில் வெள்ளை அன்னத்தோடு சரஸ்வதி சிலை. சிலையின் காலடியில் பிள்ளைகளின் பாடப் புத்தகங்கள், ஒரு ஆர்மோனியம், அதன்மேல் சாய்த்து வைத்த பேஸ் கிடார். கிடாரின் கழுத்தில் சாமந்தி மாலை.

"தாதா, இன்னைக்குத் தொடக்கூடாதே," என்றார் அவர். இந்த ஊரில் அண்ணன் வயதுக்காரர்கள் எல்லோரும் தாதாதான். "நீங்க பார்க்கத்தான் வர்றீங்கன்னு நினைச்சேன். நாளைக்குத் தயிர் அவல் படைச்சு பூஜை முடிஞ்சதும் நீங்களே வந்து எடுத்து வாசிங்க. அப்பா இருந்தா சந்தோஷப்பட்டிருப்பார்."

என் மகள் புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். எங்கள் இருவரையும் உட்காரவைத்துக் கிச்சடியும் இலந்தைப்பழச் சட்னியும் போட்டார்கள். நான் சாப்பிட்டுக்கொண்டே கிடாரைப் பார்த்தேன். படத்தில் இருந்ததைவிட அழகாக இருந்தது. எனக்குப் பயமாகவும் இருந்தது. இன்றைக்கே வாசித்துப் பார்த்திருந்தால் இன்றைக்கே தெரிந்திருக்கும். என்ன தெரிந்திருக்கும் என்பதை மட்டும் நான் யோசிக்கவில்லை.

மறுநாள் அலுவலகத்திலிருந்து நேராகப் போனேன். மகள் கல்லூரியிலிருந்து வந்து மெட்ரோ வாசலில் காத்திருந்தாள். பூஜை முடிந்து மாலையைக் கழற்றியிருந்தார்கள். கிடாரை எடுத்து மடியில் வைத்ததும் அதன் கனம் தொடையில் அழுந்தியது. வலது முழங்கையைத் தேய்ந்த இடத்தில் வைத்தேன். சரியாகப் படிந்தது. விற்பவர் தன் அப்பாவின் சிறிய ஒலிபெருக்கிப் பெட்டி ஒன்றைக் கிடாரோடு இணைத்துக் கொடுத்தார். மகள் அம்மாவுக்கு அனுப்புவதற்காகப் போனில் படம் பிடிக்கத் தொடங்கினாள்.

கழுத்து வளையாமல் இருக்கக் கம்பிகளைத் தளர்த்தி வைத்திருந்தார்கள். சுருதி சேர்க்க வேண்டும். அதற்குப் போனிலேயே வசதி இருக்கிறது. மகள் போனை நீட்டப் போனாள், வேண்டாம் என்றேன். ஒரு கம்பியை நிதானித்து இழுத்து, அதை வைத்து மற்ற மூன்றையும் சேர்த்தேன். நேரம் எடுத்துக்கொண்டுதான் செய்தேன். எல்லாம் ஒன்றாகச் சேர்ந்த மாதிரி இருந்தது. பிறகு வாசித்தேன். கல்லூரியில் வாசித்த ஒரு நடை, விரல்கள் மறக்கவில்லை. தரை அதிர்ந்து பாதத்தில் ஏறியது, விலாவில் ஏறியது. பல மாதமாகப் பஞ்சு அடைத்த மாதிரி இருந்த உலகம் திறந்துகொண்டது என்றே நினைத்தேன். எனக்குக் கேட்கிறது, இது முழுசாகக் கேட்கிறது என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்து வெகுகாலம் ஆகியிருந்தது.

நிமிர்ந்தபோது விற்பவர் எழுந்துபோய் ஜன்னல் கதவைச் சரிசெய்துகொண்டிருந்தார். அது ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது. திரும்பி வந்து, "பாலோ, கூப் பாலோ," என்றார். நல்லது, ரொம்ப நல்லது.

மகளைப் பார்த்தேன். "நல்லா இருக்குப்பா," என்றாள்.

யோசித்து நாளைக்குச் சொல்கிறேன் என்று விடைபெற்றோம். எனக்கு யோசிக்க ஒன்றுமில்லை, வாங்குவதென்று முடிவாகியிருந்தது. மனைவியிடம் எப்படிச் சொல்வது என்பதற்குத்தான் அந்த ஒரு நாள். சந்து முனையில் மண் கோப்பையில் டீ வாங்கினோம். எடுத்த வீடியோவைக் காட்டு, அம்மாவுக்கு அனுப்பலாம் என்றேன்.

"அது டெலீட் ஆயிடுச்சுப்பா."

"எப்படி ஆச்சு?"

"தெரியல. கை பட்டிருக்கும்."

என் மகளுக்குப் போனில் கை தவறிப் பட்டு ஒன்று அழிந்ததாக நான் இதுவரை கேள்விப்பட்டதில்லை. தன் மூன்று வயதுப் படத்தைக்கூடத் தேடினால் எடுத்துக்கொடுப்பாள். அவள் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அதற்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தாள். விற்பவர் எதற்காக ஜன்னலுக்குப் போனார் என்பது அப்போது புரிந்தது. அப்பா வாசித்ததைக் கேட்டு வளர்ந்தவர் அவர்.

"சுருதி சேரலையா?"

டீயை ஊதினாள்.

"சொல்லும்மா. எவ்வளவு?"

"ஒரு கம்பிகூடச் சேரலப்பா." அவள் கண் நிறைந்துவிட்டது. "நீங்க அவ்ளோ சந்தோஷமா வாசிச்சிட்டிருந்தீங்க. எப்படிச் சொல்றது? அம்மா அதக் கேக்க வேணாம்னுதான் அழிச்சேன்."

கீழ் ஒலி என்று தனியாக ஒன்று கிடையாது. பேஸ் கம்பி ஒன்றைத் தட்டினால் அதன் மேலேயே மெல்லிய ஒலிகள் பல எழும். அவற்றை வைத்துத்தான் காது சுருதி பிடிக்கிறது. இது கல்லூரியிலேயே எனக்குத் தெரியும், மற்றவர்களுக்குச் சொல்லியும் இருக்கிறேன். டாக்டர் சொன்னதைக் கேட்டபோது மட்டும் அது ஞாபகம் வரவில்லை, வரவிடவில்லை. போதாததற்கு வலது காது ஒன்று சொல்கிறது, இடது காது ஒன்று சொல்கிறது. நடுவில் நான் ஒன்றைச் சரி என்று வைத்துக்கொண்டேன்.

அவமானமாக இருந்தது. அதைவிட அதிகமாக வலித்தது வேறொன்று. என் மகள் எனக்காகப் பொய் சொல்ல வேண்டிய நிலைக்கு வந்துவிட்டாள். கிடாரை வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோனால் தினமும் சொல்வாள். நல்லா இருக்குப்பா என்பாள். மனைவி பழமொழியை விழுங்குவாள். பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னலைச் சாத்துவார். எல்லோரும் என்னிடம் அன்பாக இருப்பார்கள், நான் சந்தோஷமாக வாசித்துக்கொண்டிருப்பேன்.

"வேண்டாம்னு சொல்லிடலாம்," என்றேன்.

"போன்ல சுருதி பாத்து வாசிக்கலாம்ப்பா. நான் சேத்துத் தர்றேன்."

"சேத்துக் குடுத்தாலும், அது சேந்திருக்குன்னு நீ சொன்னாத்தான எனக்குத் தெரியும்?"

நாளை வரைக்கும் வைத்திருந்தால் எனக்கு மனசு மாறிவிடும் என்று தோன்றியது. இப்போதே கூப்பிட்டுச் சொல்லிவிடு என்றேன். நானே பேசியிருக்கலாம். பஸ்ஸும் ஆட்டோவும் போகிற அந்தத் தெருவில் போனில் அவர் பேசுவது எனக்குப் பிடிபடாது. அதையும் அவளிடம் சொன்னேன். யாரிடமும் அதுவரை நான் அப்படிச் சொன்னதில்லை.

அவள் எனக்கு எதிரிலேயே நின்று பேசினாள். உதடுகள் அசைவது தெரிந்தது. வேண்டாம் என்று சொல்வதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? அவர் என்னவோ நிறையக் கேட்டார் போலிருக்கிறது, அவளும் நிறையச் சொன்னாள். நடுவில் ஒரு தடவை என்னைப் பார்த்தாள். உடனே எனக்குக் கேட்கக் கூடாது என்பதுபோல் முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டு பேசினாள். அவள் திரும்பியிருக்கவே வேண்டாம். அவ்வளவு மெல்லிய குரலில், இரண்டடி தூரத்தில் என் முகத்தைப் பார்த்துப் பேசியிருந்தாலும் எனக்கு ஒன்றும் கேட்டிருக்காது.

போனை வைத்துவிட்டு வந்தாள்.

"என்ன சொன்னாரு?"

"சரின்னாரு."

அவ்வளவு நேரமும் இந்த ஒரு சொல்தானா என்று கேட்க வாயெடுத்தேன். கேட்டால் இன்னொரு பொய் சொல்லுவாள். அடுத்த வாரம் காது டாக்டரிடம் போகவேண்டும், மெசினுக்கு அளவெடுக்க, நீயும் கூட வா என்றேன். அவள் தலையை ஆட்டினாள். நான் பார்க்க வேண்டும் என்பதற்காக, இரண்டு மூன்று தடவை, நன்றாகவே ஆட்டினாள்.