கயிற்றின் மறுமுனை

பதினெட்டு வருடமாக லிஃப்ட் மெக்கானிக்காக இருப்பவர், பத்து நாள் மலைநடைக்குத் தனியாகக் கிளம்பினார்.

"தனியாவா? உங்களுக்கென்ன கிறுக்கா?" என்றாள் மனைவி.

"கர்த்தர் கூட வர்றாருடி."

ஆறாம் நாள், ஒற்றையடிப் பாறை விளிம்பில் பனிமூட்டம் சூழ்ந்துகொண்டது. ஒரு பக்கம் அதலபாதாளம். தன் காலே தனக்குத் தெரியவில்லை. ஜெபம் பாதியில் மறந்து தொலைந்தது. லிஃப்ட் குழிக்குள் தொங்கும்போது, மேலே கயிற்றைப் பிடித்து நிற்கும் கூட்டாளியிடம் கேட்பதுதான் வாயில் வந்தது.

"ஆண்டவரே, பிடிச்சிருக்கீங்களா?"

பதில் இல்லை.

அந்தக் கூட்டாளியும் ஒருநாளும் பதில் சொன்னதில்லை. மேலே ஏறி வந்து ஏனென்று கேட்டால், "விட்டாத்தாண்டா கத்துவேன்" என்பான்.

மெக்கானிக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். யாரும் கத்தவில்லை. நடுங்கிக்கொண்டே வலது காலை எடுத்து வைத்தார்.