ரெக்கார்டு நோட்டில் ஒரு வளையம்

எங்கள் மேல்நிலைப் பள்ளியில் தொழிற்கல்வி மோட்டார் பிரிவுக்கென்று ஒதுக்கிய அறையில் எப்போதும் எலி மூத்திர வாடை அடிக்கும். சத்துணவு அரிசி மூட்டைகளும் கால் உடைந்த பெஞ்சுகளும் போக மிஞ்சிய இடத்தில், ஒரு மேசையின் மேல் பச்சை நிறத்தில் அந்த மோட்டார் உட்கார்ந்திருக்கும். ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூ இரண்டு வருடமும் அதைத் துடைத்தேன். இரண்டு முறை பெயிண்ட் அடித்தேன். ஒரு முறைகூடக் கழற்றவில்லை.

நான் அந்தப் பிரிவில் சேர்ந்ததே கழற்றத்தான். சிறுவாச்சூர்ப் பக்கம் எங்களுக்கு ஒரு கிணறு, அதை நம்பிக் கொஞ்சம் சின்ன வெங்காயம். மோட்டார் நின்றால் மெக்கானிக் வர நாலு நாள் ஆகும். அதற்குள் வெங்காயத் தாள் மஞ்சளாகிச் சாய்ந்துவிடும். எங்கள் வீட்டில் எனக்கு முன் யாரும் பள்ளிக்கூடம் போனதில்லை. சேர்க்கை அன்று அப்பா கைநாட்டு வைத்துவிட்டு, விரல் மையைத் தலையில் துடைத்துக்கொண்டே சொன்னார்: “இத மட்டும் கத்துக்கிட்டு வந்துருடா. அந்த மெக்கானிக் கடை வாசல்ல நான் போயி நிக்கிறது போதும்.”

முதல் மாதமே எங்கள் பிரிவு சாரிடம் கேட்டேன், மோட்டாரைக் கழற்றிப் பார்க்கலாமா என்று.

“கழட்டிட்டு மாட்டத் தெரியுமாடா ஒனக்கு? எக்ஸ்டர்னல் வர்றப்ப நட்டு நட்டாக் கெடந்தா உங்கப்பனா வந்து பதில் சொல்லுவாரு? போ, பெயிண்ட் டப்பாவ எடுத்துட்டு வா.”

ஒவ்வொரு செய்முறைத் தேர்வுக்கும் முன்னால் ஒரு பூச்சு. எத்தனை வருடத்துப் பூச்சோ, நட்டுகளின் முனைகள் பெயிண்டுக்குள் உருண்டு போயிருந்தன. யாருமில்லாத மதியம் ஒன்றில் ஸ்பேனரை வைத்துப் பார்த்தேன். பிடிக்கவே இல்லை, வழுக்கியது.

வேலை இல்லாமல் எங்களை விடவில்லை. ஹெச்.எம். அறையில் டியூப்லைட் மாற்றினோம், ஆண்டு விழாவுக்கு சீரியல் பல்பு கட்டினோம். சயின்ஸ் குரூப் பையன்கள் ஜன்னல் வழியாகக் கத்துவார்கள்: “டேய் லைன்மேன்! எங்க ஃபேன் சுத்த மாட்டேங்குதுடா!” நாங்களும் வெட்கமில்லாமல் ஏணியைத் தூக்கிக்கொண்டு போவோம்.

பாடம் என்பது ரெக்கார்டு நோட்டு. போன வருடத்தில் நன்றாக எழுதியவன் நோட்டைச் சார் எடுத்து வைத்திருப்பார். அதன் பக்கத்தை ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி, மேலே நம் தாளை வைத்து, வெயில் வெளிச்சத்தில் கோடு கோடாக இழுக்க வேண்டும். ஓவிய வகுப்பைக் கணக்கு வாத்தியார் வாங்கிக்கொண்டதால், எங்களுக்குக் கிடைத்த ஓவியப் பயிற்சியும் அதுதான். மோட்டாரின் உள்பாகங்கள் என்ற படத்தில், பேரிங்குக்குப் பக்கத்தில் ஒரு வளையம் இருந்தது. இரட்டைக் கோடு, ஒரு பக்கம் மட்டும் லேசாக விட்டுப்போயிருக்கும். அம்புக்குறி போட்டு ‘தாங்கு வளையம்’ என்று எழுதியிருந்தது. அந்த விட்டுப்போன இடத்தைக்கூட விடாமல் வரைந்தேன். வகுப்பிலேயே என் படம்தான் சுத்தம்.

செய்முறைத் தேர்வுக்கு வேறு பள்ளியிலிருந்து வந்த எக்ஸ்டர்னல் மோட்டார் பக்கம் திரும்பவே இல்லை. பிரியாணி சாப்பிட்ட கையைக் கழுவிவிட்டு வந்து, ஈர விரலால் என் படத்தைத் தொட்டார்.

“இந்த வளையத்தோட வேலை என்ன?”

“பேரிங்க அசையாமப் பிடிச்சுக்கும் சார்.”

“குட்.”

முழு மதிப்பெண். சார் என் முதுகில் தட்டினார்.

அந்தக் கோடை விடுமுறையில்தான் எங்கள் மோட்டார் நின்றது. வெங்காயம் காய் பிடிக்கும் நேரம். அப்பா மெக்கானிக்கைக் கூப்பிடவில்லை. பக்கத்துக் காட்டுக்காரரிடம் “நம்ம வூட்லயே ஆளு இருக்கு” என்று சத்தமாகச் சொன்னது எனக்குக் கேட்டது.

நட்டுகள் சுலபமாக வந்தன. நோட்டை விரித்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தேன். விசிறி, மூடி, பேரிங், ரோட்டார், எல்லாம் இருந்தன. செம்புக் கம்பிச் சுருள் கருகி, மூக்கைத் துளைக்கும் நாற்றம். அதைப் பார்த்துக்கொண்டே நான் வேறொன்றைத் தேடினேன்.

“என்னடா தேடுற?”

“ஒரு வளையம் இருக்கணும்பா. காணோம்.”

“நல்லாப் பாரு.”

“இல்லப்பா. படத்துல இருக்கு, இதுல இல்ல.”

அப்பா முகம் மாறியது. “போன தடவ கழட்டுனானே, அவன்தான் உருவிட்டான்.”

இல்லை என்று நான் சொல்லவில்லை. இரண்டு நாள் அக்கம்பக்கத்து மோட்டார்களில் எல்லாம் அந்த வளையம் உண்டா என்று விசாரித்தோம். யாருக்கும் தெரியவில்லை. மூன்றாம் நாள் அரியலூர் ரோட்டில் இருந்த மெக்கானிக் கடைக்கு வண்டியில் போனோம். நாலைந்து பேர் காத்திருந்தார்கள். அப்பா இறங்கும்போதே ஆரம்பித்துவிட்டார்.

“திருட்டுப் பயலே! கைநாட்டுக்காரன்தானேன்னு சாமான உருவிட்டியா? எம் மவன் படிச்சவன்டா, அவன்கிட்ட நடக்காது!”

மெக்கானிக் டீ குடித்துக்கொண்டிருந்தார். கோபப்படக்கூட இல்லை. “என்ன சாமான்ண்ணே?” என்று கேட்டு, நான் காட்டிய நோட்டை வாங்கிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு கையிலிருந்த டீ கிளாஸை அந்த வளையத்தின் மேல் வைத்தார். அளவு கச்சிதமாக இருந்தது. எடுத்தபோது, என் பென்சில் கோட்டின் மேலேயே ஈரமாக இன்னொரு வளையம், ஒரு பக்கம் லேசாக விட்டுப்போய்.

“எவனோ ஒருத்தன் டீயக் குடிச்சுட்டு நோட்டு மேல வச்சிருக்கான் தம்பி. நீங்க வருசா வருசம் அதுக்குப் பேரு வச்சு வரஞ்சிருக்கீங்க.”

காத்திருந்தவர்கள் சிரித்தார்கள். அப்பாவுக்கு எழுத்து தெரியாது. அந்த ஈர வட்டம் தெரிந்தது.

“ரெண்டு வருசமும் இதத்தான் வரஞ்சியா?”

“ஆமாப்பா.”

“நல்லாத்தான் வரஞ்சிருக்க” என்றார். பிறகு மெக்கானிக்கிடம் திரும்பி, தோளில் கிடந்த துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு, “மனசுல வச்சுக்காதீங்க, எப்ப வருவீங்க?” என்று கேட்டார். எந்த வாசலில் நிற்க மாட்டேன் என்றாரோ, அந்த வாசலில்.

மெக்கானிக் மறுநாளே வந்துவிட்டார். ஆனாலும் பாதிப் பாத்தி போய்விட்டது.

பள்ளி திறந்ததும் சார் போன் செய்தார். “உன் நோட்டக் கொண்டாந்து குடுடா, ஜூனியருக்கு வேணும்.” போனேன். நடந்ததைச் சொன்னேன். அவர் சிரித்தார். “இருக்கட்டும்டா. அதுக்குத்தானே எக்ஸ்டர்னல் மார்க்கு போட்டான்?”

அருவருப்பாக இருந்தது. சிரித்த அவரைப் பார்த்து மட்டும் இல்லை. அந்த விட்டுப்போன கோட்டை அழகாக வரைந்த என் கையைப் பார்த்தும்தான். நோட்டைக் கொடுக்காமல் திரும்பி நடந்தேன்.

“போடா, நீ ஒருத்தன்தான் வரஞ்சியா?” என்று முதுகுக்குப் பின்னால் அவர் குரல் கேட்டது. அலமாரியைத் திறந்து வேறு நோட்டைத் தேடும் சத்தமும் கேட்டது. வெளியே வராந்தாவில் புதுப் பையன் ஒருவன், பச்சை பெயிண்ட் டப்பாவோடு காத்திருந்தான்.